ஷவர் மூலையில் டைல்ஸ் மாற்ற வேண்டும், நாலரை அங்குலச் சுவர் தாங்குமா?

சென்னை வேளச்சேரி, 2003-இல் கட்டிய அடுக்குமாடி, இரண்டாம் மாடி. ஷவர் இருக்கும் மூலையில் டைல்ஸ் மாற்றியே ஆக வேண்டும். தட்டினால் பாதிக்கு மேல் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. மறுபக்கம் படுக்கையறை. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து விழுகிறது. தீபாவளிக்கு அப்புறம் ஈரம் வேகமாக ஏறுகிறது.

பிளம்பர் குழாயை அடைத்து பிரஷர் வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. அதனால் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாகப் போகிறது என்று நினைத்தோம். இடுக்குகளை அடைக்க எபாக்ஸி கிரௌட் போட்டோம். கொஞ்ச நாள் நின்றது, மறுபடி ஈரம்.

சிக்கல் சுவரில்தான். நாலரை அங்குலச் செங்கல் தடுப்பு. படுக்கையறைப் பக்கம் அதையே வெட்டி ஒயரிங் குழாய் பதித்திருக்கிறார்கள். கொத்தனார் உளி வைத்து ஒரு டைலை எடுத்ததும் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது, உள்ளே செங்கல் ஆடுகிறது, மறுபக்கம் மெல்லிய விரிசல். அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாம் என்கிறார் இன்னொருவர். அடியில் இருப்பதே பிடிப்பில்லாமல் நிற்கும்போது, மேலே ஒட்டுவது எடையை ஏற்றுவதுதானே? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இப்படிப்பட்ட சுவரில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: கட்டிங் மெஷினால் டைல்ஸைச் சிறு துண்டுகளாக அறுத்தெடுத்து, கோழிவலை அடித்துப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் கொடுத்தால் சுவர் நிற்குமா, அல்லது இடித்து ஏஏசி பிளாக்கில் (எடை குறைந்த, காற்றுத்துளை கொண்ட கான்கிரீட் கல்) புதிதாகக் கட்டுவதுதான் சரியா?