ஓயாத சண்டை உடம்பையும் கெடுக்குமா?

கேள்வி:
கூடவே இருப்பவரோடு தினமும் சச்சரவு என்றால் மனசு நொந்துபோவது புரிகிறது. பிரஷர் ஏறுவது, அடிக்கடி சளி பிடிப்பது, புண் ஆறாமல் இழுப்பது இதெல்லாம்கூட அதனால் வருமா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
வரும். சண்டையில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் ஏறுவது இயல்பு. முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். "இன்னைக்கு என்ன ஆகப்போகுதோ" என்று தினமும் பயந்துகொண்டே இருப்பவருக்கு அது சரியாக இறங்குவதில்லை, எதிர்ப்புச் சக்தி தடுமாறுகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 42 தம்பதிகளின் முன்கையில் உறிஞ்சு கருவியால் சின்னக் கொப்புளங்கள் எழுப்பினார்கள். ஒருமுறை ஆதரவாகப் பேசவிட்டார்கள், இன்னொருமுறை ஒத்துவராத விஷயத்தைப் பேசவிட்டார்கள். வாக்குவாதம் நடந்தபோது புண் ஆற ஒரு நாள் கூடுதலாக ஆனது. அதே ஆட்கள், அதே தோல். மாறியது பேச்சு மட்டும். எப்போதுமே குத்தலாகப் பேசிக்கொள்ளும் தம்பதிகளுக்கோ, மற்றவர்களுக்கு ஆறும் வேகத்தில் 60 சதவீதம்தான்.

பதில் 2:
பிடிக்காதவரைவிட, பாசமும் காட்டி வார்த்தையாலும் சுடுபவரிடம்தான் பிரஷர் அதிகம் ஏறுகிறது. எந்த நேரம் எந்த முகம் என்று தெரியாததால் உடம்பு உஷாராகவே இருக்கிறது.

7 நாள் காலையும் மாலையும் அளந்து பாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, பக்கத்திலேயே அன்றைய தூக்கத்தையும் சண்டையையும் குறியுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மீதியின் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பலர் செய்யும் தப்பு, சண்டை போட்ட சூட்டோடு அளப்பது. அப்போது யாருக்கும் ஏறத்தான் செய்யும்.

பதில் 3:
பேச்சு முற்றி, நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. "அரை மணியில் வந்து பேசறேன்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொல்லாமல் போனால் அதுவே அடுத்த சண்டை. உடம்பு அடங்க 20 நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் மனசுக்குள் அதே சண்டையை ஓட்டினாலும், நண்பருக்குப் போன் போட்டு முதலிலிருந்து சொன்னாலும் அடங்காது.

அடி, மிரட்டல் உள்ள உறவுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும், பேச்சு அப்புறம்.