பொருள்: ஈக்விஃபைனாலிட்டி – சமமுடிவா, பல்வழிப் பொருத்தமா?

வணக்கம்.

நகர வடிகால் மாதிரியாக்கச் சொற்பட்டியலில் அன்சர்ட்டன்டிக்கு 'உறுதியின்மை' என்று முடிவாகிவிட்டது. பாடநூலின் 'நிச்சயமற்ற தன்மை' கூட்டுச்சொல்லில் அடங்காமல் திமிறுகிறது. 'ஐயப்பாடு' ஆளின் மனத்தைச் சொல்கிறதே தவிர எண்ணின் நிலையைச் சொல்லவில்லை.

அடுத்தது ஈக்விஃபைனாலிட்டி. லத்தீன் வேரைப் பிரித்தால் சமம், முடிவு. எனவே 'சமமுடிவுத்தன்மை' என்று குறித்திருக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் ஏற்றிவிடலாம்.

---

> எனவே 'சமமுடிவுத்தன்மை'

மறுப்பு உண்டு, ஐயா. உயிரியலாளர் பெர்டலன்ஃபி பொது அமைப்பியலில் இந்தச் சொல்லை ஆண்டபோது உங்கள் பெயர்ப்பு சரியாக இருந்திருக்கும். வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து கிளம்பி ஒரே இறுதி நிலையை அடைவது என்பதே அங்கே பொருள். நீரியலாளர் கீத் பெவன் அதை நீரியலுக்குக் கொண்டுவந்த பிறகு பொருள் நகர்ந்துவிட்டது. இங்கே முடிவுகள் சமமல்ல. பல அளவுருத் தொகுதிகள் (மாதிரிக்குள் நாம் நிரப்பும் எண்களின் கூட்டங்கள்) கையிலிருக்கும் அளவீடுகளோடு ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பொருந்துகின்றன, அவ்வளவுதான். அடுத்த மழையிலேயே அவை ஆளுக்கொரு திசையில் போகலாம்.

தெருத்தூசு கழுவப்படும் கணக்கைப் பாருங்கள். கழுவும் வேகம் என்பது ஒரு குணகம், ஓட்டச் செறிவின் (பரப்பலகுக்கு நீர் ஓடும் வீதத்தின்) அடுக்கு, மீதமிருக்கும் படிவு மூன்றின் பெருக்கம். ஒரு தொகுதியில் படிவு ஹெக்டேருக்கு 40 கிலோ. மற்றதில் 20 கிலோ, ஆனால் குணகம் இரண்டு மடங்கு. சிறு மழை ஒன்றில் குணகத்தையும் செறிவின் அடுக்கையும் பெருக்கி, மழை நேரம் முழுவதற்கும் கூட்டினால் முதலாவதற்கு 0.05 வருகிறது என்று வையுங்கள். இரண்டாவதற்கு 0.10. கழுவிப் போவது 1.95 கிலோவும் 1.90 கிலோவும். வித்தியாசம் இரண்டரை சதவீதம். மாதிரி நீர் எடுப்பதிலும் ஆய்வகத்திலும் சேரும் பிழையே இதைவிடப் பெரிது, ஆகவே அளவீடு எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. அதே இரண்டையும் பெருமழைக்கு ஓட்டி, கூட்டுத்தொகை 2, 4 என்று வந்தால் 34.6 கிலோ, 19.6 கிலோ! சிறு மழைகளை மட்டும் வைத்து அளவுத்திருத்தம் (அளவீட்டோடு பொருந்தும்படி அளவுருக்களைச் சரிசெய்வது) செய்தவர் எந்தத் தொகுதியை எடுத்தார் என்பதைப் பொறுத்து வண்டல் தொட்டியின் கொள்ளளவே மாறிவிடும்.

'சமமுடிவு' என்று படிக்கிற மாணவர், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார். நேர்மாறான பாடம். 'பல்வழிப் பொருத்தம்' என்று வைக்கலாம்.

---

பெருமழைக் கணக்கைப் பார்த்த பிறகு 'சமமுடிவு' நிற்காது. எடுத்துவிடுகிறேன்.

'பன்பொருத்தம்' என்று சுருக்கலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பல் என்பது பன் ஆவது முகம், நாடு போன்ற மெல்லினச் சொற்களின் முன்னால். பகரத்தின் முன் 'பல்பொருத்தம்' என்றுதான் நிற்கும். அதைப் படிப்பவர் பல் மருத்துவமனையைத் தேடிப் போவார். 'பொருத்தம்' ஜாதகத்தை நினைவூட்டுகிறது என்ற குறையும் வந்தது. அது இருக்கட்டும், ஜாதகத்திலும் பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் பின்னால் விளைவு தெரிகிறது.

ஒரு சந்தேகம், அம்மா. நகர மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில் உபவடிநில அகலத்தையும் (ஒரு வடிகால் துண்டுக்குக் கொடுக்கும் அகலம்) மேனிங் கெழுவையும் (தளத்தின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சேர்த்து இரட்டித்தால் நேரத்தோடு ஓட்டம் மாறுவதைக் காட்டும் வரைபடம் மாறுவதே இல்லை என்கிறார்கள். அதற்கும் இதே சொல்தானா?

---

> அதற்கும் இதே சொல்தானா?

இல்லை, ஐயா. அதற்குத் தனிச்சொல் வேண்டும். அந்த மென்பொருளின் மேற்பரப்பு ஓட்டச் சமன்பாட்டில் அகலம், சரிவின் வர்க்கமூலம், மேனிங் கெழு மூன்றும் ஒரே கொத்தாகத்தான் வருகின்றன: முதல் இரண்டின் பெருக்கத்தைக் கெழுவால் வகுத்தது. அகலம் 100 மீட்டர், கெழு 0.012 என்பதை 200 மீட்டர், 0.024 என்று மாற்றினால் கடைசித் தசமம் வரை அதே ஓட்டம் வரும். நீர் ஊறும் பரப்புக்கும் ஊறாப் பரப்புக்கும் தனித்தனிக் கெழு இருப்பதால் இரண்டையும் இரட்டிக்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடக் கூடாது. சிறு மழை, பெருமழை என்ற பேதம் இங்கே கிடையாது. நூறு ஆண்டு ஓட்டத்தை அளந்தாலும் அகலத்தையும் கெழுவையும் பிரிக்க முடியாது. பிரிக்க இயலாமை சமன்பாட்டிலேயே இருக்கிறது. இதை 'பிரிபடாமை' என்று சொல்லலாம்.

இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். பல்வழிப் பொருத்தத்துக்கு வேறு வகை மழையின் அளவீடு தேவை. பிரிபடாமைக்கு ஓர் அளவுருவை வெளியிலிருந்து நிலைநிறுத்த வேண்டும். கெழுவைத் தளத்தின் வகை பார்த்து அட்டவணையிலிருந்து எடுத்து நிறுத்திவிட்டு அகலத்தை மட்டும் தேட விடுவது வழக்கம். இரண்டையும் ஒன்றாகத் தேட விட்டவருக்கு அடையாளம் சொல்கிறேன்: தேறிய தொகுதிகளில் அகலத்தையும் கெழுவையும் எதிரெதிர் அச்சில் புள்ளியிட்டால் தொடக்கப்புள்ளி வழியாக ஓடும் கோடாக வரிசைகட்டும். ஒவ்வொன்றையும் தனியே வரைந்தால் சிதறிக் கிடப்பதுபோலத் தெரிந்து ஏமாற்றும்.

மூன்றாவதாக ஒன்று இந்த இரண்டிலும் சேராது. மழைமானி உண்மையைவிட 10 சதவீதம் குறைவாகக் காட்டினால், 60 சதவீத ஊறாப் பரப்பு அளவுத்திருத்தத்தில் 67 ஆகிவிடும். பொருத்தம் அழகாக இருக்கும், அளவுரு பொய். இது உள்ளீட்டுப் பிழை அளவுருவில் போய் ஒளிந்துகொள்வது. 'பிழையேற்பு' என்று எழுதிப் பார்த்தேன், பிழையை ஒப்புக்கொள்வதுபோல் தொனிக்கிறது. வேறு சொல் யாராவது சொல்லுங்கள்.

---

இரண்டையும் ஏற்றிவிட்டேன். பதிவு இப்படி:

பல்வழிப் பொருத்தம்: வெவ்வேறு அளவுருத் தொகுதிகள் கிடைத்துள்ள அளவீடுகளோடு ஒரே தரத்தில் பொருந்துதல், புதிய அளவீட்டால் நீங்கக்கூடும்.

பிரிபடாமை: சமன்பாட்டின் அமைப்பால் அளவுருக்களைத் தனித்தனியே கணிக்க இயலாமை; அளவீடு கூடினாலும் நீங்காது.

மூன்றாவதற்கு 'பிழைக்கடத்தல்' எப்படி?

---

'கடத்தல்' வேண்டாம், ஐயா. பிழை சமன்பாட்டின் வழியே பரவுவதைக் கடத்தல் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். இது பரவுவதல்ல, ஓரிடத்தில் குறைந்ததை இன்னோர் இடம் ஈடுகட்டுவது. 'பிழையீடு' என்றால் சரியாக உட்காரும்.

கூடவே ஒன்று. பெவனும் பின்லியும் 1992-இல் முன்வைத்த முறையில், சமவாய்ப்பாக எடுத்த தொகுதிகளை ஓட்டி, நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்), உதாரணமாக 0.6-ஐத் தாண்டியவற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அவற்றைப் பட்டியலில், 'பிஹேவியரல்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து, 'நடத்தைசார் தொகுதிகள்' என்று பார்த்தேன். அதற்கும் நடத்தைக்கும் தமிழில் ஒட்டே இல்லை. அந்த 0.6 நாமே வைக்கும் கோடு. 0.7 ஆக்கினால் உறுதியின்மைப் பட்டை (கணிப்புகள் பரவிக் கிடக்கும் எல்லை) தானாகவே ஒடுங்கும். ஏற்பவர் நாம்தான் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'ஏற்புத் தொகுதிகள்' என்று மாற்றிவிடுங்கள்.