பதவிக்கால மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், விசாவுக்கு ஆபத்தா?

புதியவன்: தயவுசெய்து உடனே சொல்லுங்கள். போன குளிர்காலத்தில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஃபார்கோ நகரில், மளிகைக் கடை வாசலில் ஒருவர் அட்டையில் செருகிய தாளை நீட்டினார். "ஆளுநர் பதவிக்காலத்துக்கு வரம்பு" என்றார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த 2022 நவம்பர் 8 அன்று அது வாக்கெடுப்புக்கு வருகிறதாம். குடிமக்கள் மட்டுமே கையெழுத்திடலாம் என்று முந்தாநாள் தெரிந்தது. தூக்கமே இல்லை.

வடக்குக்காற்று: நல்ல திட்டம் தம்பி. இங்கே ஆளுநர் நம் ஊர் முதல்வர் மாதிரி; அந்தப் பதவிக்கு ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தேர்வாக முடியாது. சட்டமன்றத்தின் ஓர் அவையில் ஒருவர் மொத்தம் 8 ஆண்டுதான் இருக்கலாம். நம் ஊரில் கலைஞர் ஐந்து முறை முதல்வரானார். இந்த வரம்பு நமக்கும் வேண்டும்.

சிவா: கவலையை விடுங்கள். மனுவைக் கொண்டுவந்தவர்கள் 46,000-க்கும் மேல் கையெழுத்து கொடுத்தார்கள். 29,000-க்கும் மேற்பட்டவை செல்லாதென்று, தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் தள்ளினார். செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வாக்கெடுப்புக்கே வருகிறது. உங்கள் ஒரு கையெழுத்தை யார் தேடப்போகிறார்கள்?

மாறன்: இப்படித் தைரியம் சொல்லாதீர்கள், குடியுரிமை விஷயம் இது. நான் வந்த முதல் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி. கார் எஞ்சினுக்கு ஹீட்டர் செருக வேண்டும் என்றுகூடச் சொல்ல ஆளில்லை. இங்கே தெரியாமல் செய்ததற்கும் நாம்தான் விலை கொடுக்கிறோம்.

சிவா: எங்கள் குடியிருப்பில் மூன்று நாள் வெப்பமே வரவில்லை. பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் படுக்கவைத்தோம். வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி கேட்டார்கள்.

மலர்: குளிரைப் பிறகு பேசலாம். தம்பி, என்ன விசா என்று நீங்கள் சொல்லவே இல்லை. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது, அதனால் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்காது. ஆனால் அந்தத் தாளில் "நான் தகுதியுள்ள வாக்காளர்" என்ற பொருளில் வாசகம் இருந்திருந்தால் அதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் எடைபோட வேண்டும். எந்தத் தேதி, எந்தக் கடை, அவர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் இன்றிரவே எழுதி வையுங்கள். யார் அழைத்தாலும் வாக்குச்சாவடிப் பக்கம் போகாதீர்கள். வேறு மாநிலத்துக்கு மாறினால், ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று குறியுங்கள். பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே கேட்கும்.

புதியவன்: எச்1பி வேலை விசா, அக்கா. கிரீன் கார்டு விண்ணப்பம் போன மாதம்தான் போட்டோம். தாளின் மேலே என்ன இருந்தது என்று நான் படிக்கவில்லை.

மலர்: அப்படியானால் காலையில் முதல் வேலையாக வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். அதுவரை வேறு எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம்.