வீராணம் முதல் ஊசுட்டேரி வரை: ஏரி மீன் கணக்கெடுப்பில் நீங்கள் பார்த்தது என்ன?

சேத்தியாத்தோப்பு வாசி:
வீராணத்தில் வலை இழுக்கும் நேரத்தை இங்கே யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. கட்லாவும் ரோகுவும் தராசுக்குப் போய்விட்டன. கரையில் ஒதுக்கித் தள்ளிய பொடிமீன் குவியலின் முன்னால் ஓர் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் வைத்துச் செதில் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். கெண்டைப் பொடியை மட்டுமே நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். விசாரித்தேன். “எத்தனை வகை என்பது பாதிக் கணக்குதான் அண்ணா. இரண்டு ஏரியிலும் பத்துப் பத்து வகை இருக்கலாம். ஒன்றில் பத்தும் ஓரளவு சமமாக இருக்கும். இன்னொன்றில் நூறு மீனுக்குத் தொண்ணூறு ஜிலேபி மீன், மற்ற ஒன்பது வகையும் பேருக்கு ஒன்றிரண்டு. இரண்டும் ஒரே நிலையில் இருக்கிற ஏரிகள் ஆகுமா?” என்றார்.

அப்போது வலைக்காரப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். “இந்த வலைக் கண்ணியில் அயிரை நிற்காதம்மா. ஆரால் பகலில் சேற்றை விட்டு வெளியே வராது. நீ எழுதுவது என் வலையின் கணக்கு.” அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, “அப்படியானால் இரவில் என்ன போடுவீர்கள் ஐயா?” என்று கேட்டார். பெரியவர் மீன் சிக்கும் கூடையான பறியை வைக்கும் இடங்களைக் கையால் காட்டத் தொடங்கினார். கரைக்கு வந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாகூர் மருமகள்:
மழைக்காலத்தில் என் கொழுந்தனார் ஏரி வாய்க்காலில் ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றைப் பிடித்து வந்தார். கை நீளம் இருந்தது. அத்தை அரிவாள்மனையில் வயிற்றைக் கீறியதும் உளுவை, கெண்டைக் குஞ்சுகள், ஒரு தவளை, எல்லாம் முழுதாக வந்து விழுந்தன. அத்தை கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். வளர்க்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்த மீன் இது. நாட்டு மீன்கள் குறைவதற்கு இது ஒன்றுதான் காரணம். இதை ஒழிக்காமல் வகை எண்ணி என்ன பயன்?

கடலூர் முதுநகர்:
ஒன்றுதான் காரணம் என்று சொல்லாதீர்கள் அம்மா. கொசுவை ஒழிக்கக் கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனை 1928இல் கொண்டுவந்தார்கள். ஜிலேபி 1952இல் வந்தது. அதன் பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற கெண்டை அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்? நாம் நம்முடையது என்று நினைக்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைப் படுகையைச் சேர்ந்தவை. பழியைப் பங்கு போட்டால் அரசுக்கும் பண்ணைக்காரருக்கும் நமக்கும் பங்கு வரும்.

என்னை உறுத்துவது வேறு. கோடையில் கெடிலம் ஆற்றில் தேங்கிய மடு ஒன்றில் விடியற்காலையில் கெண்டைகள் செத்து மிதந்தன. விரால், கொரவை, பனையேறிக் கெண்டை மட்டும் உயிரோடு இருந்தன. இவை மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். சாக்கடை கலந்த நீரில் இரவில் ஆக்சிஜன் இறங்கிவிடும். அதை மட்டுமே நம்பிய மீன் விடியும் வரை தாங்காது. அங்கே ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றுகூட இல்லை.

வில்லியனூர் ஆசிரியர்:
எங்கள் வாய்க்காலில் ஒரு பையனின் வலையில், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வண்ணமீன் கடைகளில் விற்கிறார்களே, அந்த முள்கவச மீன் சிக்கியது. வலையை அறுத்துத்தான் எடுத்தோம்.

இனி மீனைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஈரக் கையால் தொடுங்கள்; காய்ந்த கை மேல்வழவழப்பை எடுத்துவிடும், பிறகு புண் வரும். தலை இடப்பக்கம் இருக்கும்படி வைத்து, துடுப்பை விரித்து, பக்கத்தில் அளவுகோலோடு படம் எடுங்கள். மீன் நூல்களில் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட எளிது. ஊர்ப் பெயரை மாற்றாமல் எழுதுங்கள். கண்ணிக்குள் எத்தனை விரல் நுழைகிறது, வலை எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது என்பதும் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எட்டு வகையும் இரவு முழுவதும் போட்டதில் பன்னிரண்டு வகையும் கிடைத்தால், இரண்டாவது குளம்தான் வளமானது என்று முடிவுகட்ட முடியாது. அதிக மீனைப் பிடித்தால் அதிக வகை தென்படும், அவ்வளவுதான். பிடித்த மீன்களின் எண்ணிக்கையைச் சமமாக்கி ஒப்பிடும் கணக்குமுறை இருக்கிறது, ஆய்வாளர்களைக் கேளுங்கள். வெறும் வலை வந்த நாளையும் விடாமல் எழுதுங்கள். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம், அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தொட்டி மீன் அலுத்துவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடுவது புண்ணியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள்.

குறிஞ்சிப்பாடி:
ஆசிரியர் ஐயா, யோசனைகள் சரி. ஆனால் வலையையும் நேரத்தையும் சொன்ன நீங்கள் வெள்ளத்தை விட்டுவிட்டீர்கள். 2015 நவம்பரில் பெருமாள் ஏரிப் பக்கம் சாலைக்கு மேல் தண்ணீர் ஓடியபோது பிள்ளைகள் தார்ச்சாலையில் விரால் பிடித்தார்கள். பண்ணைக் குட்டைகளின் கரை உடைந்து, வளர்த்த மீன்கள் எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விட்டன. ஒரு குட்டையின் சொந்தக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எந்தப் பக்கம் வலை கட்டுவது என்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுநகர் நண்பர் கட்லாவையும் ரோகுவையும் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தக் குட்டைக்காரர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டது அந்தக் கட்லாவையும் ரோகுவையும்தான்.

அந்த வெள்ளத்துக்குப் பின் எந்த மீன் ஏரியில் பிறந்தது, எது குட்டையிலிருந்து தப்பி வந்தது என்று வலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கெடுக்க வருகிறவர்கள் எந்த மாதம், பெருவெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று முதல் வரியிலேயே எழுதட்டும். குட்டைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.