சி.சி.சி. முகாம்: கட்டடங்கள் எங்கே போயின? முகாம் எண்ணா, கம்பெனி எண்ணா?

கேள்வி:
அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டிலுள்ள கேம்ப் ரூஸ்வெல்ட் பற்றி எழுதுகிறேன். பெருமந்தக் காலத்தில் (1930களின் பொருளாதார வீழ்ச்சி), 1933 ஏப்ரலில் தொடங்கிய முதல் சி.சி.சி. முகாம். சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்பது வேலையில்லா இளைஞர்களுக்குக் காடு, பூங்கா வேலை தந்த அமெரிக்க அரசுத் திட்டம். சுமார் 200 பேர் இருந்த இடத்தில் இன்று அடித்தளங்கள்தான் மிச்சம். மற்றவை என்னவாயின? சில தாள்களில் எஃப்-1, சிலவற்றில் கம்பெனி 322 என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில் 1:
இல்லை. எஃப்-1 முகாம் எண், அதாவது இடத்தின் எண். எஃப் என்றால் தேசியக் காடு, எஸ்.பி. என்றால் மாநிலப் பூங்கா. கம்பெனி எண், அங்கே சேர்ந்து தங்கி வேலை செய்த ஆட்கள் குழுவுடையது. கம்பெனிகள் இடம் மாறும், ஒரே முகாமில் அடுத்தடுத்து வேறு கம்பெனிகள் தங்கும். கம்பெனி எண்ணை மட்டும் பிடித்துப் போனால் வேறொரு காட்டின் கதையை எழுதிவிடுவீர்கள். முதலில் ஆண்டு, முகாம் எண், கம்பெனி எண் மூன்றையும் ஒரு அட்டவணையில் போடுங்கள். பிறகு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 35ஆம் தொகுதியில் (சி.சி.சி. ஆவணங்கள்) முகாம் ஆய்வு அறிக்கைகளைக் கேளுங்கள். சாப்பாடு, சுகாதாரம், நடந்த வேலை எல்லாம் அதில் வரும். தனி ஆட்களின் கோப்புகள் அதே காப்பகத்தின் செயின்ட் லூயிஸ் கிளையில். தங்குமிடமும் ஒழுங்கும் ராணுவத்தின் பொறுப்பு, காட்டு வேலை வனத்துறையின் பொறுப்பு. அதனால் ஒரு பக்கத்துத் தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

பதில் 2:
கட்டடங்கள் பற்றி: முதலில் கூடாரம், பிறகு மரக் கட்டடம். 1936 முதல் கழற்றி மாட்டக்கூடிய பலகைச் சுவர்கள் வந்தன. 1942இல் திட்டம் நின்றதும் பல முகாம்களைப் பிரித்து எடுத்துப்போனார்கள். சில போர்க்கைதி முகாம்களாயின. படுக்கைக் கொட்டகைகள் பெரும்பாலும் சிறு தூண்கள்மேல் நின்றவை, தடம் மிஞ்சுவது அரிது. கான்கிரீட் போட்டது தண்ணீரும் பாரமும் உள்ள இடத்தில்: குளியலறை, சமையலறை, வண்டிக் கொட்டகை. பெரிய தளத்தைப் பார்த்ததும் 'ஆட்கள் தூங்கிய இடம்' என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தரையில் வடிகால் துளையும், அருகே சமையல் எண்ணெய்க் கழிவுக் குழியும் இருந்தால் அது சமையலறை.

பதில் 3:
சம்பளத்தையும் சரியாக எழுதுங்கள். மாதம் 30 டாலர். அதில் சுமார் 25 நேரே வீட்டுக்குப் போனது. தொடக்கத்தில் 18 முதல் 25 வயதுள்ள மணமாகாதவர்கள், 6 மாதத் தவணை. உள்ளூரில் காட்டு வேலை தெரிந்தவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இந்த வயது வரம்பு இல்லை. கம்பெனி எண்ணுக்குப் பின்னால் 'சி' இருந்தால் அது கறுப்பின இளைஞர்களின் தனிக் கம்பெனி. தட்டச்சில் அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் அவர்கள் செய்த வேலை வேறொருவர் கணக்கில் ஏறிவிடும்.