ஹெல்மெட் போடாம போற போலீஸ்காரங்கள கேள்வி கேட்ட அனுபவம் யாருக்காச்சும் இருக்கா? கடலூர், பாண்டி பக்கம் உள்ளவங்க சொல்லுங்க

கெடிலக்கரை:
எனக்கு வீடு திருப்பாதிரிப்புலியூர், வேலை பாண்டில. தினமும் ஸ்கூட்டில ஆல்பேட்டை, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு போய் வர்றவ. போன மாசம் எங்க வீட்டுக்காரரையும் ஏத்திக்கிட்டு வந்தேன், நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், பின்னாடி உக்காந்த அவரு போடல, மடக்கிட்டாங்க. எந்த இடம்னு எழுத விரும்பல. தப்பு எங்க பேர்லதான், நாலு வயசுக்கு மேல வண்டில உக்கார்ற எல்லாரும் போடணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவே சொல்லுது, ஆயிரம் ரூபா, அதுல எனக்கு பேச்சு இல்ல. ஆனா ஏட்டையா மிஷின்ல என் வண்டி நம்பர அடிச்சிட்டு இருக்கும்போதே ஒரே பைக்ல ரெண்டு போலீஸ்காரங்க, யூனிஃபார்மோட, ரெண்டு பேர் தலையிலயும் ஒன்னும் இல்ல, தொப்பிய டேங்க் மேல வச்சிக்கிட்டு எங்கள உரசுற மாதிரி போறாங்க, இவரு கையத் தூக்கி வணக்கம் வைக்கிறாரு.

நான் கேட்டுட்டேன். "சார், அவங்களுக்கு?" அவரு கோபமே படல. "அவங்க டூட்டில போறாங்கம்மா"ன்னு சாதாரணமா சொன்னாரு. அதுதான் எனக்கு மனசுல நின்னுச்சு, ஏன்னா அவரு நம்பித்தான் சொல்றாரு, டூட்டின்னா விலக்குன்னு. வீட்டுக்காரரு "வா போலாம், எதுக்கு வம்பு"ன்னு கைய புடிச்சு இழுக்குறாரு.

வீட்டுக்கு வந்து சட்டத்த தேடி படிச்சேன். 129ல தலைப்பாகை கட்டுற சீக்கியருக்கு விலக்கு எழுதியிருக்கு, காக்கித் தொப்பிக்கு எழுதல. அது மட்டும் இல்ல, 2019 செப்டம்பர் 1லேர்ந்து 210-பி அப்படின்னு ஒரு பிரிவு இருக்கு, இந்தச் சட்டத்த அமல்படுத்துற அதிகாரம் உள்ளவங்களே தப்பு பண்ணா அபராதம் ரெண்டு மடங்கு. அப்போ எனக்கு ஆயிரம்னா அவங்களுக்கு ரெண்டாயிரம். இது எத்தன பேருக்குத் தெரியும்?

பாகூர் ஏரி:
எனக்கு நடந்தது ஹெல்மெட் இல்ல, ஒன்வே. பாண்டில கடைத்தெரு பக்கம் தெருவெல்லாம் ஒன்வேன்னு தெரியும்ல, அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு சரியான திசையிலதான் போறேன், எதிர்ல ஒரு போலீஸ் ஜீப்பு, சைரன் இல்ல, மேல லைட்டும் எரியல, நேரா வருது. நான் பிரேக் அடிச்சதுல அம்மா முட்டி சீட்டுல இடிச்சு ஒரு வாரம் வீக்கம். டிரைவரு எறங்கி என்னத்தான் ஓரம் கட்டச் சொன்னாரு. ஜீப்போட பின்னாடி சீட்டுல ரெண்டு காய்கறிப் பை இருந்துச்சு, அத நான் மறக்கவே மாட்டேன்.

அவசரத்துக்குப் போற வண்டிக்கு விலக்கு நெசமாவே இருக்கு. 2017ல வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைல ஃபயர் வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி சிக்னல தாண்டலாம், ஒன்வேல எதிர்ல வரலாம்னு இருக்கு. ஆனா உயிர காப்பாத்துற மாதிரி அவசரமா இருக்கணும், சைரனும் லைட்டும் போட்டிருக்கணும், அப்பவும் ஜாக்கிரதையாதான் ஓட்டணும். காய்கறி வாங்கிட்டு போறது இதுல எங்க வருது.

ஓட்டி பையன்:
அக்கா, 2019 பிப்ரவரில பாண்டில ஹெல்மெட்டுக்காக எவ்ளோ பெரிய சண்ட நடந்துச்சு, அப்ப துணைநிலை ஆளுநரா இருந்த கிரண் பேடி ரோட்டுல எறங்கி வண்டிய நிறுத்துனாங்க, அவங்கள எதிர்த்து அப்ப முதல்வரா இருந்த நாராயணசாமி ஆளுநர் மாளிகை ராஜ்நிவாஸ் வாசல்ல தர்ணா உக்காந்தாரு. ஜனங்கள போட வைக்க அவ்ளோ பாடு. அப்பல்லாம் எங்க தாத்தா ஒன்னே ஒன்னுதான் கேப்பாரு, "மொதல்ல அவங்கள போடச் சொல்லு".

பழைய காக்கி வீட்டுப்பொண்ணு:
எங்கப்பா ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பாவும் போட மாட்டாரு. தொப்பி கசங்கிடும்பாரு, ஆபீசர் எதிர்ல வந்தா தொப்பியோட சல்யூட் வைக்கணும்பாரு. அவரோட ஒன்னா டிரெய்னிங் எடுத்த ஒரு மாமா, எங்க வீட்டுல பொங்கலுக்கு வந்து சாப்புடுறவரு, திருவிழா பந்தோபஸ்து முடிச்சிட்டு விடியக்காலம் மூணு மணிக்கு பைக்ல வந்தவரு மாடு குறுக்க வந்து விழுந்துட்டாரு. கைகால்ல சிராய்ப்பு கூட பெருசா இல்ல, தலையில மட்டும்தான் அடி. அந்த அத்தை தொப்பிய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தத நான் பாத்தேன், எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அதுக்கு மறுநாள்லேர்ந்து அப்பா ஹெல்மெட் போட்டாரு, தொப்பிய ஒரு டிபன் பைக்குள்ள வச்சி ஹேண்டில்ல மாட்டிக்குவாரு. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அப்படித்தான். கெடிலக்கரை அக்கா, அந்த ரெண்டு பேர நீங்க கேட்டது சரி. அவங்க வீட்டுலயும் யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க.

பேர் வேணாம்:
நான் இப்ப சர்வீஸ்ல இருக்கேன். நீங்க எல்லாரும் சொல்றது உண்மை. ஆனா ஒன்னு, எங்கள்ல ஒருத்தருக்கு ஃபைன் போட எங்கள்ல இன்னொருத்தருதான் மிஷின எடுக்கணும், நாளைக்கு அதே ஆளோட சேந்து நைட் ரவுண்ட்ஸ் போகணும். ஹெல்மெட் போடுன்னு மேல இருந்து சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க, டூட்டிக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சி பேர் கூப்புடுற ரோல்கால்ல தலையாட்டிட்டு வெளில வந்தா மறந்துடுறோம். நான் போன வாரத்துலேர்ந்து போடுறேன், இந்தப் பேச்ச படிச்சதுக்கு அப்புறம்தான். டூட்டிங்கறது விலக்கு இல்லன்னு என் கூட வர்றவருகிட்டயும் சொன்னேன், அவரு இன்னும் போடல.

கெடிலக்கரை:
காக்கி வீட்டுத் தங்கச்சி எழுதுனத எங்க வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டுனேன், மறுநாளே அவருக்குன்னு ஒரு ஹெல்மெட் வாங்கியாச்சு. பேர் வேணாம் சார், ரொம்ப நன்றி, உங்க கூட வர்றவர விட்டுடாதீங்க.

நான் ஒரு வேலை பண்ணிட்டேன். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் சட்டத்துல ஒரு மனு போட்டிருக்கேன், 210-பி பிரிவுல இதுவரைக்கும் கடலூர் மாவட்டத்துல எத்தன பேர் ரெண்டு மடங்கு கட்டியிருக்காங்கன்னு. 30 நாளுக்குள்ள பதில் தரணும். நேத்துதான் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புனேன், ரசீது பத்திரமா இருக்கு, பதில் வந்ததும் இங்கயே அப்படியே போடுறேன். பாகூர் ஏரி, அம்மா முட்டி இப்ப எப்படி இருக்கு?