மாத்திரை போட்டுக்கொண்டே பால் கொடுத்தேன்

எனக்குக் காலேஜ் படிக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. லாமோட்ரிஜின் மாத்திரை, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டது ஆரப்பாளையத்தில். கர்ப்பமானதும் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைகிறது என்று நரம்பு டாக்டர் டோஸைப் படிப்படியாக ஏற்றினார். எட்டாம் மாதம் 400க்கு வந்திருந்தது.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். பிரசவம் பார்த்த இடத்தில் இந்த மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பழைய மருந்தைத் தொடரவும் என்று சீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். நானும் 400ஐயே போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தது. சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மாச்சி. பையனோ மாரில் வாய் வைத்ததும் தூங்கிவிடுவான். உள்ளங்காலைச் சுண்டினால் நாலு இழுப்பு, மறுபடி தூக்கம். நனைக்கிற துணியும் குறைந்துபோனது.

"ஒண்ணு மாத்திரையை நிறுத்து, இல்ல பாலை நிறுத்து" என்றார் அத்தை. பேரன் மேல் இருந்த பயம், வேறொன்றுமில்லை. அன்று ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை மடியில் இருக்கும்போது வலிப்பு வந்தால்? அந்த நினைப்பு வந்ததும் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "டோஸை இன்னுமா குறைக்கல?" கர்ப்ப காலத்தில் உடம்பு இந்த மருந்தை வேகமாக வெளியேற்றுமாம். பிள்ளை பெற்ற இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்த வேகம் பழையபடி தணிந்துவிடும். ஏற்றிய டோஸைக் குறைக்காமல் விட்டால் தாய் ரத்தத்தில் மருந்து கூடும், பாலிலும் கூடும். லாமோட்ரிஜின் மற்ற சில மருந்துகளைவிடப் பாலில் தாராளமாக இறங்குகிற ரகம் வேறு. பையனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு டோஸைப் படிப்படியாக இறக்கினார்கள். அசதி, தோலில் தடிப்பு, எடை ஏறாமை இருந்தால் உடனே வரச் சொன்னார்கள். பத்து நாளில் பையன் பசிக்கு அழுது ஊரையே கூட்ட ஆரம்பித்தான்.

மூளை வளர்ச்சி பாதிக்குமா என்று கேட்காமல் எந்த அம்மாவால் இருக்க முடியும்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் லாமோட்ரிஜின் உட்பட நாலு வலிப்பு மருந்துகளை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளை 6 வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2014இல் முடிவு வெளியானது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் ஐ.க்யூ., குடிக்காதவர்களைவிடச் சராசரியாக 4 புள்ளி கூடுதலாகவே இருந்தது. அந்த நாலில் ஒன்றான வால்ப்ரோயேட் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது வயிற்றில் இருக்கும்போதுதான் என்றும், அதனால் கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைப் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு மேலூரிலிருந்து ஒரு அம்மா:

எனக்கு வந்தது சாதாரண மூக்கடைப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை ரெண்டு நாள் போட்டேன், பால் சடாரென்று வற்றியது. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பசியில்தான் அழுதிருக்கிறாள். அட்டையைப் பார்த்த டாக்டரம்மா, அதில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கும் என்றார். நானோ பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகத் தின்றுகொண்டிருந்தேன்!

அக்கா, பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

ஆரப்பாளையத்திலிருந்து என் பதில்:

ஆறு வயசாச்சும்மா. ஊருக்குப் போகும்போது பஸ் போர்டையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வருகிறான். கண்டக்டர் சிரிக்கிறார், எனக்குத்தான் காது வலிக்கிறது.